நினைவும் புனைவும்: சயாம் மரண இரயில்பாதை நாவல்களை முன்வைத்து ஒரு வாசிப்பு

முன்னுரை

மலேசியத் தமிழ் நாவல்களைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஒரு வினா தவறாமல் எழுகின்றது. “இது உண்மையில் நடந்ததா?” என்பதே அவ்வினா. காதல் கதையை வாசிக்கும் மாணவர் இதைக் கேட்பதில்லை. தோட்டப்புற வாழ்வைக் கூறும் கதைகளிலும் இவ்வினா அரிதாகவே எழும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தையும் சயாம் மரண இரயில்பாதையையும் களமாகக் கொண்ட நாவல்களை எடுத்துக்கொள்ளும்போதுதான் மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்து இதைக் கேட்கின்றனர்.

இதற்கு நம்மிடம் வழக்கமாக இரண்டு விடைகள் உள்ளன. ‘ஆம், இந்நாவல் ஒரு வரலாற்று ஆவணம்’ என்பது ஒன்று. ‘நாவல் என்பது கற்பனை, வரலாறு வேறு’ என்பது மற்றொன்று. முதல் விடையைக் கூறினால், நாவலில் ஓர் ஆண்டோ ஓர் எண்ணிக்கையோ பிழைபட்டிருப்பதை மாணவர் ஒருவர் கண்டுபிடித்த மறுகணமே நூல் முழுவதும் ஐயத்திற்குரியதாகிவிடும். இரண்டாம் விடையைக் கூறினால், அந்தக் காட்டில் மாண்ட தமிழருக்குச் சாட்சியாக எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றுள் ஒன்றை நாமே கைவிட்டவர் ஆவோம். இவ்விரு விடைகளும் நினைவு என்பது எத்தகையது என்னும் முன்வினாவைக் கேளாமலேயே தரப்படுவன. அம்முன்வினாவைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் கனம் விளங்க, சில செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். தாய்லாந்தின் பான் போங்கையும் பர்மாவின் தன்பியூசாயாட்டையும் இணைத்த ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் இணைத்து முடிக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை இதனினும் பன்மடங்கு மிகுதி. அவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பலராலும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போர்க்கைதிகளுள் நாட்குறிப்பு எழுதியவர் இருந்தனர். ஒளித்து வைத்துப் படம் வரைந்தவர் இருந்தனர். மருத்துவக் குறிப்புகளைப் புதைத்துக் காத்தவர் இருந்தனர். அவர்களுள் மாண்டோருக்குக் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசாயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. பால்மரம் சீவிக்கொண்டிருந்த கைகள் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆகவே, அவர்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி நினைவின் வழியே வந்தது. அந்நினைவில் ஒரு பகுதி நாவலாக உறைந்துள்ளது.

‘நினை’ என்னும் வினை

தமிழில் ‘நினை’ என்னும் ஒரே வினை பல வேலைகளைச் செய்கின்றது. ‘அம்மாவை நினைத்தேன்’ என்னும்போது அது கடந்ததை மீட்கின்றது. ‘நாளை போகலாம் என நினைக்கிறேன்’ என்னும்போது வருவதைக் கருதுகின்றது. ‘அவர் வந்துவிட்டார் என நினைத்தேன்’ என்னும்போதோ, நடவாத ஒன்றை நடந்ததாகக் கொண்ட மயக்கத்தைக் குறிக்கின்றது. நம் அண்டை மொழியாகிய மலாயிலும் ‘இங்காட்’ என்னும் சொல் நினைவில் வைத்தலுக்கும், பேச்சு வழக்கில் ‘என்று எண்ணினேன்’ என்பதற்கும் பொதுவாக நிற்பதை இந்நாட்டு ஆசிரியர் அறிவர்.

பழந்தமிழில் இவ்விடத்தில் வழங்கிய சொல் ‘உள்ளுதல்’ என்பதாகும். தொல்காப்பியர் களவியலில் காதலரின் உளநிலைகளைத் தொகுக்கும்போது உள்ளுதலையும் வைக்கின்றார், மறத்தலையும் வைக்கின்றார். திருக்குறளிலோ, ‘நினைந்தவர் புலம்பல்’ காமத்துப்பாலில் அமைய, மறதியைக் கடியும் ‘பொச்சாவாமை’ பொருட்பாலில் அமைகின்றது. நினைவு காதலருக்கும் மறவாமை ஆள்வோருக்கும் உரியன எனப் பங்கிட்டது போல் உள்ளது இவ்வமைப்பு! சொல்வழக்கைக் கொண்டு மூளையின் இயக்கத்தை நிறுவ இயலாது என்பதை நாம் அறிவோம். எனினும், நினைவையும் எண்ணத்தையும் மயக்கத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்த நம் மொழியின் போக்கு, கடந்த நூறாண்டு உளவியல் அடைந்த முடிவுக்கு அயலானதன்று.

பாட்டியார் கூறிய மழை

எம் பாட்டியாரின் தம்பி ஒருவர் சயாமுக்குப் போய் மீளாதவர். அவர் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றப்பட்ட காலைப்பொழுதைப் பாட்டியார் பலமுறை கூறக் கேட்டுள்ளோம். ஒவ்வொரு முறையும் மழை பெய்யும். தம்பி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு லோரியின் பின்புறம் நின்றார் என்பார். சாக்கிலிருந்து நீர் சொட்டியது என்பார். பாட்டியாரின் தமக்கையாரோ இதனை ஒருபோதும் ஏற்றதில்லை. “மழை ஏது? மரமெல்லாம் இலை கொட்டிக் கிடந்த நேரம். சருகு மேல லோரி ஏறி வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு” என்பது அவருடைய கூற்று. ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அடுத்த ஏப்ரலில் மழை மிகும். தோட்டங்களிலிருந்து ஆள் பிடிப்பது 1943ஆம் ஆண்டின் அந்த மாதங்களில் தீவிரமாக நடந்தது. ஆகவே இருவர் கூற்றும் நிகழ்ந்திருக்கக் கூடியவையே. ஒரே லயத்து வாசலில் நின்று ஒரே காட்சியைக் கண்ட இருவருள் ஒருவருக்கு மழை, மற்றவருக்குச் சருகு.

இதனை முதுமையின் தடுமாற்றம் என ஒதுக்கிவிட இயலாது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு புகழ்பெற்ற சோதனை உள்ளது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆங்கிலேயர் சிலருக்கு வாசிக்கக் கொடுத்து, பின்னர் வெவ்வேறு கால இடைவெளியில் அதைத் திரும்பக் கூறச் செய்தார். கதை சுருங்கியது, அது மட்டுமன்று, கூறுவோரின் பண்பாட்டுக்கு ஏற்ப வடிவம் மாறியது. நீர்நாய் போன்ற கடல்விலங்கை வேட்டையாடச் சென்றவர் மீன்பிடிக்கச் சென்றவர் ஆயினர். மரத்தோணி படகாயிற்று. புரியாத ஆவிகள் மெல்ல மறைந்தன. நினைவு, வைத்ததை வைத்தவாறே எடுத்துத் தரும் பெட்டகம் அன்று. ஒவ்வொரு முறையும் எஞ்சிய துணுக்குகளைக் கொண்டு புதிதாகக் கட்டப்படுவது என்பதே அவர் கண்ட முடிபு.

அழுத்தமான நிகழ்ச்சிகளாவது மாறாமல் நிற்கும் என நாம் நம்ப விரும்புகின்றோம். அந்நம்பிக்கையும் சோதிக்கப்பட்டுள்ளது. 1986 ஜனவரி 28இல் ‘சேலஞ்சர்’ விண்ணோடம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் அச்செய்தியை எங்கே, எவ்வாறு அறிந்தனர் என எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அதே வினாக்களை மீண்டும் கேட்டார். பலருடைய விடைகள் முதல் விடையிலிருந்து வெகுவாக விலகியிருந்தன. ஆனால் உறுதி மட்டும் குறையவில்லை. தம் கையெழுத்திலுள்ள முதல் குறிப்பைக் காட்டிய பின்னும் பழைய நினைவு அவர்களுக்கு மீளவில்லை. ‘நேற்று நடந்தது போல் இருக்கிறது’ என ஒருவர் கூறுவது அவருடைய நேர்மைக்குச் சான்று. நிகழ்ச்சிக்கு அதனைச் சான்றாகக் கொள்வதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டும்.

வாய்மொழி வரலாறு திரட்டச் செல்லும் நம் மாணவருக்கு இன்னொரு சோதனையும் பயன்படும். எலிசபெத் லாஃப்டசும் ஜான் பால்மரும் 1974இல் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன எனக் கேட்டனர். சிலரிடம் ‘இடித்தபோது’ என்றும் சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும் வினாவின் வினைச்சொல்லை மட்டும் மாற்றினர். வன்மையான சொல்லைக் கேட்டோர் மிகுந்த வேகம் கூறினர். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகக் கூறியோரும் அவர்களுள் மிகுதி. முதியவரிடம் “ஜப்பான்காரன் உங்களை எப்படிக் கொடுமைப்படுத்தினான்?” என்று தொடங்கும் மாணவர், விடையில் பாதியைத் தாமே எழுதிவிட்டார். “அங்கே ஒரு நாள் எப்படித் தொடங்கும்?” என்று கேட்பவருக்கே எதிர்பாராதது கிடைக்கும்.

மீட்பதும் படைப்பதும்

இதுவரை கூறியவை நினைவின் குறைகளாகத் தோன்றலாம். புனைகதை எழுதுவோர் நோக்கில் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2007இல் டெமிஸ் ஹசாபிஸ் முதலானோர் இலண்டனில் மேற்கொண்ட ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. (புரத ஆய்வுக்காக 2024இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவரே.) மூளையின் இப்போகேம்பசு என்னும் பகுதி சிதைந்து, நினைவை இழந்த நோயாளிகளிடம் கடந்தகாலத்தைக் கேளாமல், ஒரு புதிய காட்சியைக் கற்பனை செய்யுமாறு கேட்டனர்: வெண்மணற் கடற்கரையில் படுத்திருக்கின்றீர்கள், என்ன காண்கின்றீர்கள்? அவர்களுள் பெரும்பாலோரால் அக்காட்சியை முழுமையாக்க இயலவில்லை. வானம், மணல், ஒலி எனத் துண்டுகள் வந்தன; அவை ஓரிடமாகக் கூடவில்லை.

கடந்ததை மீட்கும் உறுப்பு சிதைந்தபோது நடவாததைப் படைக்கும் ஆற்றலும் உடன் சிதைந்தது. நினைவு துல்லியமான பதிவாக அமையாததன் காரணம் இதில் ஓரளவு விளங்குகின்றது. துணுக்குகளைப் பிரித்துக் கோக்கும் இயல்புடையதாக அது இருப்பதாலேயே, நேற்றைய துணுக்குகளைக் கொண்டு நாளையையும் பிறர் வாழ்வையும் கட்ட நம்மால் முடிகின்றது. பிழைபடும் தன்மையும் புனையும் ஆற்றலும் ஒரே கருவியின் இரு விளைவுகள். எழுத்தாளர் செய்வது, எல்லா மனிதரும் நினைக்கும்போது அறியாமல் செய்வதை அறிந்தே செய்வதாகும்.

மதுரையில் எழுந்த மெடான்

தமிழில் இதற்கு நாம் காட்டக்கூடிய சிறந்த எடுத்துக்காட்டு ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த அவர் 1938இல் சுமத்திராவின் மெடானுக்கு வேலைக்குச் சென்றார். போர்க்காலத்தை இவ்வட்டாரத்திலேயே கழித்து 1946இல் ஊர் திரும்பினார். அதன்பின் மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் பணியாற்றினார். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூலாயின. அவர் எழுதிய நாவல்கள் இவ்விரண்டே. இரண்டாம் நாவல் வெளிவந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை என்பதும், பல ஆண்டு கழித்தே தமிழின் முதன்மையான நாவல்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது என்பதும் பலரும் அறிந்தவை.

‘புயலிலே ஒரு தோணி’யை வாசிக்கும்தோறும் நம்மை ஈர்ப்பது அதன் போர்க்காட்சிகளைக் காட்டிலும் அதன் நினைவமைப்பே. நாவலின் தலைமகன் பாண்டியன் மெடானிலும் பினாங்கிலும் உலவிக்கொண்டே தான் விட்டுவந்த சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைக்கின்றான். அந்நினைவுகள் கதையோட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கம் பக்கமாக விரிகின்றன. ஆனால் அவற்றை எழுதியவர் இருந்த இடம் மதுரை. சன்னலைத் திறந்தால் காணக்கூடிய தெருக்களை அவர் பாண்டியனின் ஏக்கத்தின் வழியே தொலைவாக்கி எழுதினார். கடல் கடந்து எட்டாமற்போன மெடானை, கடைத்தெருவில் நின்று காண்பது போல் அண்மையாக்கி எழுதினார். மெடானில் இருப்பவன் மதுரையை நினைக்கின்றான்; அவனை நினைப்பவர் மதுரையில் இருந்து மெடானை நினைக்கின்றார். இவ்விரு நினைவும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்பதால், நாவலின் எந்த நகரமும் வெறும் பின்புலமாகத் தேய்ந்து போவதில்லை.

கள்ளருந்திய நண்பர்களின் உரையாடலில் பழந்தமிழ் இலக்கியத் தொடர்கள் பகடியாகத் தலைகீழாக்கப்படுவதும் இந்நாவலின் ஒரு கூறு. தனிமனிதரின் நினைவோடு ஓர் இனத்தின் மனப்பாடமும் அங்கே குலைந்து மறுகட்டுமானம் பெறுகின்றது. தமிழிலக்கியத்தை மனப்பாடமாகப் பயிற்றுவிக்கும் நாம் இப்பகுதியைச் சற்றுக் கூச்சத்துடன்தான் கடக்க வேண்டியுள்ளது.

அதே 1972இல் நகுலனின் ‘நினைவுப் பாதை’யும் வெளிவந்தது என்பது வியப்புக்குரிய உடன்நிகழ்வு. அங்கே நினைவு வெளியுலகைப் பற்றி நிற்காமல் மனத்துக்குள்ளேயே சுழல்கின்றது. அது தனியே ஆராயத்தக்கது.

இரவல் நினைவு

சிங்காரம் தாம் வாழ்ந்த நகரங்களை எழுதினார். சயாம் நாவல்களின் நிலை இதனின் வேறு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வெளிவந்தது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே முறையே ஐம்பதும் அறுபதும் ஆண்டுகள். 1930இல் பிறந்த ரெங்கசாமி போர்க்காலத்தில் சிறுவர். தோட்டத்து அச்சத்தையும் பசியையும் கண்டறிந்த வயது அது. சயாமின் காட்டுக்குள் நடந்தவற்றையோ போய் மீண்டோரின் வாய்மொழியிலிருந்தே அத்தலைமுறையினர் பெற வேண்டியிருந்தது. இதனை நாம் இரவல் நினைவு எனலாம். ஒருவர் மனத்தில் ஒருமுறை கட்டப்பட்டது, கேட்டவர் மனத்தில் இன்னொரு முறை கட்டப்பட்டு, எழுதுங்கால் மூன்றாம் முறை கட்டப்படுகின்றது.

ஆய்வாளர் சிலர் இதனைக் குறையாகக் கருதுவர். நம் கருத்து வேறு. நினைவு எங்கே பெரிதும் பிழைபடும் என்பதை உளவியல் ஓரளவு காட்டியுள்ளது: ஆண்டு, தொகை, நிகழ்ச்சிகளின் வரிசை, ‘இதை நான் கண்டேனா, கேட்டேனா’ என்னும் மூலம் ஆகியவற்றில். இவற்றை நாவலில் தேடுவது கிணற்றடியில் நின்று வானத்தை அளப்பது போன்றது. அவற்றுக்கு ஆவணக் காப்பகங்கள் உள்ளன. காப்பகத்தில் கிட்டாதது வேறு: காலராக் கொட்டகையில் கிடந்தவனுக்கு உடன்பிறந்தவன் நீர் கொண்டுபோவதா வேண்டாவா எனத் தயங்கிய கணம், கணவன் மீளாத ஆண்டுகளில் அவள் தாலியை என்ன செய்தாள் என்னும் சிக்கல். இவை எவருடைய பதிவேட்டிலும் ஏறாதவை. இவற்றை ஒரு குடும்பம் மாற்றியும் திருத்தியும் கூறிக்கொண்டே வந்திருந்தால், அம்மாற்றங்களும் சான்றே: அக்குடும்பம் எதைத் தாங்கிக்கொள்ள இயலாமல் இருந்தது என்பதற்குச் சான்று.

ஆகவே வகுப்பறையில் “இது நடந்ததா?” என்னும் வினாவை நாம் தடுக்க வேண்டியதில்லை. அதன் அருகில் வேறு வினாக்களை வைக்கலாம். இதை நினைப்பவர் யார்? எத்தனை ஆண்டு கழித்து நினைக்கின்றார்? யாருக்குக் கூறுகின்றார்? இவ்வினாக்களோடு வாசிக்கும் மாணவர் ஓர் ஆண்டுப் பிழையைக் கண்டதும் நூலை மூடிவிடமாட்டார்.

ஆற்றின் பெயர்

புனைவு நினைவைக் காப்பது போலவே அதனை அழிக்கவும் வல்லது. உலகத்தார் இவ்விரயில்பாதையை அறிந்தது பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் வெளியிட்ட நாவலாலும், அதனைத் தழுவி 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ திரைப்படத்தாலும்தான். பூல் இப்பாதையில் வேலை செய்த கைதி அல்லர். அவர் சிறைப்பட்டது இந்தோசீனாவில், பிரெஞ்சு அதிகாரிகளிடம். திரைப்படம் எடுக்கப்பட்டது இலங்கையில். கதையின் நடுவில் நிற்போர் பிரித்தானியப் போர்க்கைதிகள். போருக்கு முன் பூல் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பணியாற்றியவர் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பால்மரக் காட்டைத் தினமும் கண்ட ஒருவரின் கதையிலும் பால்மரம் வெட்டியவர் நடுவிடம் பெறவில்லை.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. அப்பாலம் உண்மையில் நின்றது மே குளோங் ஆற்றின்மீது. கதையைப் படித்தும் படத்தைப் பார்த்தும் வந்த பயணியர் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தேடியதால், பின்னர் அப்பகுதி ஆற்றுக்கே குவாய் யாய் எனப் பெயர் மாற்றப்பட்டது. நாவலாசிரியரின் பிழைக்கு ஏற்ப நிலம் தன்னைத் திருத்திக்கொண்டது. இன்று நிலப்படத்தைப் பார்ப்பவருக்கு நாவல் சரியாகவே தோன்றும்!

தமிழ்க் குடும்பங்களிலும் இது சிறிய அளவில் நிகழ்கின்றது. சயாமிலிருந்து மீண்டோரின் பிள்ளைகளிடம் இன்று பேச்சுக்கொடுத்தால், தந்தை கூறியது எது, ஆவணப்படத்தில் கண்டது எது, நாவலில் வாசித்தது எது என அவர்களாலேயே பிரித்துக் கூற இயலாத நிலை உள்ளது. ஆகவே களப்பணிக்கு மாணவரை அனுப்பும் ஆசிரியர், முதலில் முதியவரைப் பேசவிட்டுப் பதிவுசெய்து, அதன் பின்னரே நாவலை இருவர் கையிலும் கொடுப்பது நன்று. முறை மாறினால் நாவலின் எதிரொலியையே நாம் வாய்மொழி வரலாறு எனத் தொகுத்துக்கொண்டிருப்போம். முதல் தலைமுறையினர் ஏறத்தாழ மறைந்துவிட்டனர். இரண்டாம் தலைமுறையினருக்கும் இப்போது எண்பது வயது.

இதில் நாமும் குற்றமற்றவர் அல்லோம். பாட்டியாரும் அவர்தம் தமக்கையாரும் காலமான பின், அந்தக் காலைப்பொழுதை வைத்து ஒரு சிறுகதை எழுத முற்பட்டோம். மழையா, சருகா என்னும் சிக்கல் முதல் பத்தியிலேயே வந்து நின்றது. இரண்டையும் வைத்துப் பார்த்தோம்; காட்சி கூடவில்லை. சருகொலி நல்ல தொடக்கமாகத் தோன்றியது. ஆனால் லோரியின் பின்புறம் நிற்பவரின் தலைக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாக்குக்கு மழை வேண்டியிருந்தது. மழையையே எழுதினோம்.

அதன்பின் பெரிய பாட்டியாரின் குரலை நினைவுக்குக் கொண்டுவர முயலும்போதெல்லாம் சொற்கள் வருகின்றன. சருகு என்கின்றார், இலை கொட்டிய மரம் என்கின்றார். நம் கண்முன் லோரி வருவதோ மழையில்தான்.